படித்தவர் எத்தனை பேர்? திருவள்ளூரின் ஒரு மரபியல் கட்டுரையும் கவனத்தின் கணக்கும்

ஓர் ஆய்வுக்கட்டுரையை எத்தனை பேர் படித்தார்கள் என்ற கேள்வி பார்வைக்கு எளியது. ஆனால் படித்தல் என்பது பிறர் கண்ணில் படாமல் நடக்கும் செயல் என்பதால், அதை நேராக அளக்கும் கருவி எதுவும் கிடையாது. அளக்க முடிவதெல்லாம் படிப்பு விட்டுச்செல்லும் தடயங்களைத்தான்: கட்டுரையின் பக்கம் திறக்கப்பட்டது, கோப்பு பதிவிறக்கப்பட்டது, ஓர் ஆய்வு மாணவரின் சேகரிப்பில் சேர்ந்தது, நாளிதழில் செய்தியானது, சமூக ஊடகத்தில் பகிரப்பட்டது, பின்னால் வந்த வேறோர் ஆய்வில் மேற்கோளானது என ஒவ்வொன்றும் ஒரு தடயம். இவை வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு நோக்கத்தோடு செய்த செயல்கள் என்பதை மறந்து, எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக்கும்போது குழப்பம் பிறக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் சேகரித்த கிருமிகளைக்கொண்டு எழுதப்பட்ட ஒரு மரபியல் கட்டுரையை முன்வைத்து இந்தத் தடயங்களை ஆராய்ந்தால், எந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது விளங்கும்.

ஒரு கட்டுரை, 378 கிருமி மாதிரிகள்

காசநோய் ஆய்வு உலகில் திருவள்ளூர் நன்கு அறிமுகமான பெயர். சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், பின்னர் காசநோய் ஆராய்ச்சி மையம் என்று பெயர் மாறி, இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகச் சேத்துப்பட்டில் இயங்குகிறது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருவள்ளூர்ப் பகுதியில் 1968-இல் தொடங்கிய பிசிஜி தடுப்பூசி ஆய்வில் ஏறத்தாழ 2.8 லட்சம் பேருக்கு பிசிஜியோ மருந்தில்லாத வெற்று ஊசியோ போடப்பட்டது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று 1979-இல் வெளிவந்த அதன் முதல் அறிக்கை உலகச் சுகாதார வட்டாரங்களை உலுக்கியது.

அதே திருவள்ளூர்ப் பகுதியில், வீடு வீடாகவும் மருத்துவ நிலையங்களிலும் கண்டறியப்பட்ட நோயாளிகளின் சளியிலிருந்து வளர்த்தெடுத்த கிருமிகளின் மரபுப்பொருளை ஒப்பிட்டு, காசநோய் ஆராய்ச்சி மையத்தின் சுஜாதா நாராயணனும் அவருடைய சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை 2002 டிசம்பரில் ‘ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் மைக்ரோபயாலஜி’ என்ற அமெரிக்க இதழில் வெளியானது. காசநோய்க் கிருமியின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 44 லட்சம் எழுத்துகளால் ஆனது. அதனுள் இடம்விட்டு இடம் தாவக்கூடிய, சுமார் 1,350 எழுத்து நீளமுள்ள ஐஎஸ்6110 என்ற துண்டு ஒன்று உண்டு. இந்தத் துண்டு ஒரு கிருமியில் ஒரே இடத்திலும், இன்னொன்றில் இருபது இடங்களிலும் இருக்கக்கூடும். ஒன்றுகூட இல்லாத கிருமியும் உண்டு. மரபுப்பொருளை ஒரு நொதியால் குறிப்பிட்ட இடங்களில் வெட்டி, துண்டுகளைக் கூழ்மத்தில் மின்விசையால் ஓடவிட்டு, ஐஎஸ்6110 இருக்கும் துண்டுகளை மட்டும் ஒளிரச்செய்தால், ஏணிப்படிகளைப்போலக் கோடுகள் தெரியும். இரண்டு நோயாளிகளின் கிருமிகள் ஒரே கோட்டு வரிசையைக் காட்டினால், நோய் அண்மையில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவியிருக்கலாம் என்று கொள்வது வழக்கம்.

திருவள்ளூரில் இந்த முறை ஒரு சுவரில் மோதியது. ஆராயப்பட்ட 378 கிருமிகளில் 41 விழுக்காட்டில் ஐஎஸ்6110 ஒரே ஒரு படிதான் இருந்தது. ஒரே கோடு உள்ள கிருமிகள் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும் என்பதால், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நம்பகமாக வேலைசெய்த ‘விரல் ரேகை’ இங்கே பாதி மழுங்கிப்போனது. எனவே ஆய்வாளர்கள் இரண்டாவது அடையாளமாக, மீள்வரிசை எனப்படும் வேறொரு மரபுப் பகுதியையும் சேர்த்து ஒப்பிட்டனர். 236 பேரின் கிருமிகள் தனித்தன்மை உடையவை, 142 பேரின் கிருமிகள் வேறு நோயாளிகளின் கிருமிகளோடு ஒத்துப்போகிறவை என்பது முடிவு. அதாவது 38 விழுக்காட்டினருக்கு நோய் அண்மையில் தொற்றியது. எஞ்சிய 62 விழுக்காட்டினருக்கு, முன்பே உடலில் உறங்கிக்கிடந்த கிருமி விழித்துக்கொண்டது, அல்லது ஆய்வுப் பகுதிக்கு வெளியிலிருந்து வந்தது.

இந்த இரண்டாவது வாய்ப்பு, மாவட்டத்தின் வடகோடியில் உள்ள கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழில் வளாகத்தை நினைத்துப் பார்க்கும்போது கூடுதல் பொருள் பெறுகிறது. உருக்காலைகளுக்கும் வார்ப்பாலைகளுக்கும் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர்கள் வந்து தங்கும் ஊரில், உள்ளூரில் பரவும் கிருமி எது, தொலைவிலிருந்து வந்தது எது என்று பிரித்தறிவது நோய்த்தடுப்புத் திட்டத்தின் அடிப்படைக் கேள்வி. தென்னிந்தியக் கிருமிகளில் பெரும்பாலானவை பழைய மரபுக்கிளையைச் சேர்ந்தவை என்பதும் வடக்கே வேறு கிளைகள் மிகுதி என்பதும் பின்னர் வந்த ஆய்வுகளால் உறுதிப்பட்டன.

மேற்கோள் என்னும் பழைய தராசு

இத்தகைய கட்டுரையின் மதிப்பை அறிய ஆய்வுலகம் முதலில் எடுக்கும் தராசு மேற்கோள் எண்ணிக்கை, அதாவது பின்னால் வந்த எத்தனை கட்டுரைகள் தம் துணைநூற்பட்டியலில் இதைக் குறிப்பிட்டுள்ளன என்ற கணக்கு. இந்தத் தராசே மரபியலின் பட்டறையில் செய்து பார்க்கப்பட்டது என்பது பலர் அறியாத செய்தி. அமெரிக்கத் தகவலறிஞர் யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் மேற்கோள் அட்டவணை என்ற எண்ணத்தை முன்வைத்தார். நோபல் பரிசு பெற்ற மரபியலாளர் ஜோஷுவா லெடர்பர்க் அதில் ஆர்வம் காட்டி ஊக்கம் தந்தார். முன்னோட்டமாக ‘மரபியல் மேற்கோள் அட்டவணை’ 1963-இல் அச்சாகியது. அதன் அடியொற்றியே அறிவியல் முழுமைக்குமான மேற்கோள் அட்டவணை 1964-இல் விற்பனைக்கு வந்தது.

கார்ஃபீல்டின் நோக்கம் தேடலுக்கு உதவுவது: ஒரு பழைய கட்டுரையை யார் யார் பயன்படுத்தினார்கள் என்று தெரிந்தால், அதன் வழிவந்த ஆய்வுகளை எளிதில் கண்டுபிடிக்கலாம். தேடுவதற்காகச் செய்த கருவி பிற்காலத்தில் பதவி உயர்வுக்கும் நிதி ஒதுக்கீட்டுக்கும் அளவுகோலானது. ஒரு கட்டுரைக்கு மேற்கோள் சேர ஆண்டுகள் பிடிக்கும். மேற்கோள் காட்டியவர் கட்டுரையை ஆதரித்தாரா மறுத்தாரா, முழுதும் படித்தாரா, சுருக்கத்தை மட்டும் பார்த்தாரா என்பது எண்ணில் தெரியாது. மேலும் கட்டுரை எழுதாத வாசகர் எவரும் இந்தக் கணக்கில் வரமாட்டார்.

இதழ்களின் தாக்கக் காரணி என்ற எண் இன்னும் தொலைவில் நிற்கிறது. ஓர் இதழில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் ஓர் ஆண்டில் சராசரியாக எத்தனை முறை மேற்கோளாயின என்பதே அது. இதழின் சராசரியைக்கொண்டு தனிக் கட்டுரையை எடைபோடுவது, ஒரு தெருவின் சராசரி வருமானத்தைக்கொண்டு ஒரு வீட்டாரின் சம்பளத்தைச் சொல்வதைப் போன்றது. 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான ஆய்வு மதிப்பீட்டுப் பிரகடனம் இந்த வழக்கத்தைக் கைவிடும்படி நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது.

நோய்ச்சுமைக்கும் ஆய்வுக்கட்டுரைக் கணக்குக்கும் இடையிலான இடைவெளியைச் சென்னையைச் சேர்ந்த தகவலறிஞர் சுப்பையா அருணாசலம், திருவள்ளூர்க் கட்டுரை வெளிவந்த அதே 2002-இல் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டினார். இந்தியாவிலும் சீனாவிலும் நடக்கும் காசநோய் ஆய்வுகளை அவரும் உடன் எழுதியவரும் எண்ணிப் பார்த்தபோது, உலகின் காசநோயாளிகளில் பெரும்பங்கைக் கொண்ட இந்நாடுகள் உலகின் காசநோய்க் கட்டுரைகளில் சிறுபங்கையே தந்திருந்தன.

திறந்த பக்கமும் பதிவிறக்கிய கோப்பும்

இணையம் வந்தபின் இரண்டாவது தராசு கிடைத்தது. கட்டுரையின் பக்கம் எத்தனை முறை திறக்கப்பட்டது, கோப்பு எத்தனை முறை பதிவிறக்கப்பட்டது என்று பதிப்பகத்தின் கணினி தானே குறித்துக்கொள்கிறது. ஆனால் ஒவ்வொரு பதிப்பகமும் தன்விருப்பப்படி எண்ணினால் ஒப்பிட முடியாது. அதனால் நூலகங்களும் பதிப்பகங்களும் சேர்ந்து ‘கவுன்டர்’ என்ற பொது நெறியை வகுத்தன. இந்நெறியின் இப்போதைய வடிவம், ஒருவர் அதே இணைப்பை 30 நொடிக்குள் இருமுறை சொடுக்கினால் ஒரு முறையாகவே கொள்கிறது; தேடுபொறிகளின் தானியங்கி நிரல்கள் திறந்த பக்கங்களைக் கழித்துவிடுகிறது.

இப்படித் தூய்மைப்படுத்திய பின்னும் எண்ணிக்கை சிதறியே கிடக்கிறது. ஒரு கட்டுரை பதிப்பகத்தின் தளத்தில் ஒரு படியாகவும், அமெரிக்க அரசின் ‘பப்மெட் சென்ட்ரல்’ என்ற இலவசக் களஞ்சியத்தில் இன்னொரு படியாகவும், ஆசிரியரின் நிறுவனத் தளத்தில் மூன்றாவது படியாகவும் இருக்கலாம். ஒவ்வொரு களஞ்சியமும் தன் வாசலைக் கடந்தவர்களை மட்டுமே எண்ணும். அனுமதியின்றிக் கட்டுரைகளைத் தரும் ‘சை-ஹப்’ தளத்தின் பதிவுகளை ‘சயின்ஸ்’ இதழ் 2016-இல் ஆராய்ந்தபோது, ஆறு மாதத்தில் 2.8 கோடி பதிவிறக்கக் கோரிக்கைகள் வந்திருந்தன. மிகுதியாகப் பயன்படுத்திய நாடுகளுள் சீனா, ஈரான் ஆகியவற்றுடன் இந்தியாவும் இருந்தது. அந்தப் பதிவிறக்கங்கள் பதிப்பகக் கணக்கு எதிலும் ஏறவில்லை.

‘மென்டலே’ போன்ற சேகரிப்புச் செயலிகள் வேறொரு வாய்ப்பைத் தந்தன. 2008-இல் தொடங்கிய அந்தச் செயலியில் ஆய்வாளர்கள் தாம் படிக்க விரும்பும் கட்டுரைகளைச் சேர்த்துவைக்கின்றனர்; எத்தனை பேர் சேர்த்தனர் என்பதோடு, அவர்கள் முனைவர் பட்ட மாணவர்களா பேராசிரியர்களா, எந்தத் துறையினர் என்பதும் தெரியவரும். சேர்த்துவைப்பது படிப்பதாகிவிடாது என்றாலும், பின்னாளைய மேற்கோளோடு ஓரளவு நன்றாக ஒத்துப்போகும் இணையத் தடயம் இதுவே என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

பூண்டி அருகே ஒரு கற்கருவி, உலகமெங்கும் செய்தி

மூன்றாவது தராசு, இணையத்தில் பேசப்படும் அளவு. மேற்கோளுக்கு மாற்றான இத்தகைய அளவீடுகளுக்கு ‘ஆல்ட்மெட்ரிக்ஸ்’ என்று பெயரிட்டு ஜேசன் ப்ரீம் முதலிய நால்வர் 2010-இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். அடுத்த ஆண்டே லண்டனில் அதே பெயரை ஒட்டிய ஒரு நிறுவனம் தோன்றியது. கட்டுரையின் பக்கத்தில் பல நிறங்களில் வடைபோலத் தெரியும் வளையமும் அதன் நடுவே உள்ள எண்ணும் அந்நிறுவனத்தின் கைவண்ணம். சிவப்பு செய்தி ஊடகத்தையும், ஊதா அரசு, பன்னாட்டு அமைப்புகளின் கொள்கை ஆவணங்களையும் குறிக்கும். எல்லாப் பேச்சுக்கும் ஒரே எடை கிடையாது: அந்நிறுவனத்தின் எடைப்பட்டியலில் செய்திக்கு 8, வலைப்பதிவுக்கு 5, கொள்கை ஆவணத்துக்கும் விக்கிப்பீடியாவுக்கும் 3, ஃபேஸ்புக் பதிவுக்குக் கால் புள்ளி. மென்டலே எண்ணிக்கை அருகில் தனியே காட்டப்படுமேயன்றி மொத்தப் புள்ளியில் சேராது.

இந்தத் தராசு எத்தகைய கட்டுரைக்குச் சாயும் என்பதைத் திருவள்ளூர் மாவட்டத்தின் இன்னொரு கட்டுரை காட்டுகிறது. பூண்டி நீர்த்தேக்கத்திற்கு அருகே, கொசஸ்தலை ஆற்றின் துணையோடையை ஒட்டியுள்ள அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோரின் குழு பல ஆண்டுகள் அகழாய்வு செய்து எழுதிய கட்டுரை ‘நேச்சர்’ இதழின் 2018 பிப்ரவரி முதல் நாளிட்ட பதிப்பில் வந்தது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கற்கருவிகளை ஆராய்ந்த அக்குழு, இடைப் பழைய கற்காலப் பண்பாடு அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று சொன்னது. நவீன மனிதர் ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட காலத்தை மரபணுக்களைக்கொண்டு கணிக்கும் ஆய்வாளர்கள் தரும் ஆண்டுகளை விட இது மிகவும் பழையது என்பதால், உலக நாளிதழ்கள் பல அதைச் செய்தியாக்கின.

ஒரே மாவட்டத்தில் பிறந்த இரண்டு கட்டுரைகளுக்கும் இணையக் கவனம் இணையாக அமைய வாய்ப்பே இல்லை. காசநோய்க் கட்டுரை வெளிவந்தபோது ட்விட்டர் தோன்றவில்லை, மென்டலே தோன்றவில்லை, கவனத்தை அளக்கும் நிறுவனமும் தோன்றவில்லை. அதன் வாசகர்கள் ஆய்வுக்கூடத்தினரும் நோய்த்தடுப்புத் திட்டத்தினருமே. மனிதனின் தொன்மை பற்றிய செய்தியோ எந்த ஊர் வாசகரையும் நிறுத்திப் படிக்கவைக்கும். இரண்டில் எது சிறந்தது என்ற கேள்விக்கு வளையத்தின் நடுவே உள்ள எண் விடை சொல்லாது; எதைப் பற்றி மக்கள் அதிகம் பேசினார்கள் என்பதை மட்டும் சொல்லும்.

ஓசை மிகுந்தால் உண்மையா?

பேச்சு மிகுதி தரத்துக்குச் சான்றாகாது என்பதற்கு இந்திய மரபியலிலேயே எடுத்துக்காட்டு உண்டு. கொரோனா தொற்றின் தொடக்கத்தில், 2020 ஜனவரி 31-இல், டெல்லியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சிலர் ‘பயோஆர்க்கைவ்’ என்ற முன்பதிப்புத் தளத்தில் ஒரு கட்டுரையை ஏற்றினர். முன்பதிப்பு என்பது வேறு அறிஞர்கள் சரிபார்ப்பதற்கு முன்பே ஆசிரியர்கள் பொதுவில் வைக்கும் கட்டுரை. புதிய வைரசின் புரதத்தில் உள்ள நான்கு சிறு துண்டுகள் எய்ட்ஸ் வைரசின் துண்டுகளை ஒத்திருப்பதாக அது சொன்னது. அவ்வளவு குறுகிய துண்டுகள் எத்தனையோ உயிரிகளின் புரதங்களில் தற்செயலாகவே காணப்படும் என்று உலகெங்குமுள்ள உயிரித்தகவலியலாளர்கள் சுட்டிக்காட்டியதும், ஆசிரியர்களே சில நாள்களுக்குள் அதைத் திரும்பப் பெற்றனர். ஆனாலும் உலகில் மிக அதிகமாகப் பேசப்பட்ட முன்பதிப்புகளில் ஒன்றாக அது நிலைத்துவிட்டது. ஏனெனில் மறுத்துப் பேசிய ஒவ்வொரு பதிவும் அதன் புள்ளியைக் கூட்டியது.

பகிர்ந்தவர் படித்திருப்பார் என்றும் கொள்ள முடியாது. ட்விட்டரில் பகிரப்பட்ட செய்தி இணைப்புகளைப் பற்றி 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, அவற்றில் 59 விழுக்காட்டை ஒருவர்கூடச் சொடுக்கிப் பார்க்கவில்லை என்று கண்டது. இதன் மறுபக்கமும் உண்டு: பட்டாணிச் செடிகளில் பாரம்பரிய விதிகளைக் கண்ட கிரிகோர் மெண்டலின் கட்டுரை 1866-இல் அச்சாகி, 1900-இல்தான் உலகத்தின் கண்ணில் பட்டது. அத்திரம்பாக்கத்தில் 1863-இல் கற்கருவிகளைக் கண்ட ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் கட்டுரையும் அதே 1866-இல் சென்னை இதழொன்றில் வெளிவந்தது என்பது நினைக்கத்தக்க ஒற்றுமை. அன்று கவன வளையம் இருந்திருந்தால் மெண்டலின் புள்ளி பூச்சியத்தை ஒட்டியே நின்றிருக்கும்.

கணக்கில் வராத வாசகர்

கவனத்தை அளக்கும் நிரல்கள் ஒரு பேச்சைக் கட்டுரையோடு இணைக்க நம்பியிருப்பது பெரும்பாலும் இணைப்பையும், ‘டிஓஐ’ எனப்படும் நிலையான அடையாள எண்ணையும்தான். அடையாள எண் என்பது, இணைய முகவரி மாறினாலும் மாறாமல் ஒரு கட்டுரையைச் சுட்டும் குறி. தமிழ் நாளிதழ் ஒன்று ‘அமெரிக்க ஆய்விதழில் தகவல்’ என்று மட்டும் எழுதி, இதழின் பெயரையோ இணைப்பையோ தராமல் விட்டால், லட்சம் பேர் படித்தாலும் அந்தக் கவனம் கணக்கில் ஏறாது. சிந்துவெளித் தொல்லிடமான ராக்கிகடியில் கிடைத்த தொல்மரபணு பற்றி 2019 செப்டம்பரில் ‘செல்’ இதழில் கட்டுரை வந்ததைப் போன்ற வேளைகளில், தமிழில் விவாதங்கள் வாட்ஸ்அப் குழுக்களிலும் யூடியூப் பேச்சுகளிலும் நடக்கக்கூடும். வாட்ஸ்அப் உரையாடல் எந்த நிரலுக்கும் புலப்படாது.

இன்னும் ஆழத்தில் உள்ள வாசகர், கட்டுரையைப் பார்க்காமலே அதன் பயனைக் கையாள்பவர். ஒரே படிக் கிருமிகள் மிகுந்த பகுதியில் ஐஎஸ்6110 மட்டும் போதாது என்ற செய்தி, கட்டுரையிலிருந்து ஆய்வுக்கூடக் கையேட்டுக்கும், அங்கிருந்து பயிற்சி வகுப்புக்கும் சென்று, ஆய்வுக்கூடத் தொழில்நுட்பரின் அன்றாட வழக்கமாகிவிடும். நோயாளியிடம் நீண்டநாள் இருமலை அலட்சியம் செய்ய வேண்டாம் என்று சொல்லும் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர், அந்த அறிவுரைக்குப் பின்னால் எத்தனை கட்டுரைகள் உள்ளன என்று அறிய வேண்டியதில்லை. இத்தகைய பயனின் ஒரு கீற்றை, கொள்கை ஆவணங்களில் வரும் மேற்கோள்கள் மட்டுமே ஓரளவு காட்டுகின்றன.

வாசிப்பை அளப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், நூலகப் பணிகளைப் புள்ளியியலால் ஆராயும் ‘லைப்ராமெட்ரி’ என்ற துறையை 1948-இல் முன்மொழிந்தார். 1931-இல் வெளியான அவருடைய நூலக விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்ற இரண்டும் அடக்கம். அந்தக் கண்ணோட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை வாசகர் என்பதற்கு முன்னால், உரிய வாசகரிடம் சேர்ந்ததா என்பதே.

ஆகவே ஒரு கட்டுரையின் கவனப் புள்ளியைக் காணும்போது அதை உடைத்துப் பார்ப்பதே முறை: மேற்கோள் ஆய்வாளரின் பயன்பாட்டையும், சேகரிப்பு மாணவரின் விருப்பத்தையும், செய்தி பொதுமக்களின் ஆர்வத்தையும், கொள்கை ஆவணம் அரசின் பயன்பாட்டையும் காட்டுகின்றன; இவற்றுள் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. தமிழில் அறிவியல் எழுதுவோர் செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்றும் உண்டு. ஓர் ஆய்வைப் பற்றி எழுதும்போது இதழின் பெயரையும் ஆண்டையும் அடையாள எண்ணையும் தவறாமல் தரவேண்டும். அப்படித் தந்தால், ஐயம் எழும் வாசகர் மூலக்கட்டுரையைத் தேடி எடுக்கலாம். தமிழில் நடந்த வாசிப்பும் கணக்கில் ஏறும்.